பழகாத காதும் பறை ஓசையும்

(ஒரு சிற்றூர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் சங்கீதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். "உனக்கு ராகம் தெரியுமா, தாளம் தெரியுமா?" என்று கேட்பீர்களானால், இரண்டும் தெரியாது. ஆனால் காது இருக்கிறது. யோசிக்கக் கொஞ்சம் புத்தியும் இருக்கிறது. கேட்பவனுக்கு இந்த யோக்கியதை போதும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களில் அநேகர், "எங்கள் காலத்துப் பாட்டுத்தான் பாட்டு, மற்றதெல்லாம் இரைச்சல்" என்கிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். குற்றம் பாட்டினுடையதா, காதினுடையதா என்று நாம் கேட்பதில்லை.

1913-ம் வருஷம் மே 29-ந் தேதி பாரிஸ் நகரத்தில், ஸ்ட்ராவின்ஸ்கி என்பவர் இசையமைத்த ஒரு நடன நாடகம் முதன்முதலாக நடந்தது. சபையிலே கூச்சலும் ஏளனமும் கிளம்பின. அதற்கு ஆட்டமும் ஒரு காரணம் என்பார்கள், இருக்கட்டும். 1914 ஏப்ரலில் அதே ஊரில் அதே இசையைக் கச்சேரியாக வாசித்தபோது, ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இசை மாறவில்லை, ஓராண்டுக்குள் காது மாறிவிட்டது.

இன்னொன்று. பொலிவியா நாட்டின் காட்டுப் பகுதியில் சிமானே என்றொரு மக்கள் இருக்கிறார்கள். மேல்நாட்டுச் சங்கீதத்தோடு அவர்களுக்கு அதிகப் பழக்கமில்லை. மேல்நாட்டார் இனிமை என்று சொல்லும் சுரச் சேர்க்கைகளையும், கர்ணகடூரம் என்று சொல்லும் சேர்க்கைகளையும் ஆராய்ச்சிக்காரர்கள் அவர்களுக்குக் கேட்கச் செய்தார்கள். இரண்டும் ஒரேமாதிரிப் பிடிக்கிறது என்று அவர்கள் சொன்னதாக 2016-ல் வெளியிட்டார்கள். அப்படியானால் நாம் இயற்கை என்று நினைக்கும் ருசியில் பெரும்பங்கு பழக்கந்தானே?

இனி என் கதைக்கு வருகிறேன். என் தகப்பனார் இறந்த அன்று எங்கள் வாசலில் நான்கு பேர் பகல் முழுவதும் வெயிலில் நின்று பறை அடித்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் நான் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. பறையென்றால் சாவுச் சத்தம் என்பதே என் படிப்பு.

ஐம்பதாவது வயதில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் பறை வைத்திருந்தார்கள். எழுந்து போகப் பார்த்தேன். அடித்த இளைஞர் ஒருவர், "அய்யா, முதலில் வலது கை அடிக்குச்சியை மட்டும் கவனியுங்கள், பிறகு இடது கைச் சிண்டுக்குச்சியைக் கேளுங்கள்" என்றார். கேட்டேன். ஒன்று முழங்குகிறது, மற்றொன்று அதற்கு விடை சொல்லுகிறது. இரைச்சல் என்று நினைத்ததற்குள் இவ்வளவு கணக்கு இருந்தது! நான் அதுவரை பறையைக் கேட்கவேயில்லை. அதன்மேல் சாதி பூசிய இழிவைத்தான் கேட்டேன்.

தோழர்களே! தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாக வைத்திருக்கிறது. 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சந்தோஷம். ஆனால் விருதினால் மாத்திரம் இழிவு போய்விடாது. "இந்த ஊழியம் வேண்டாம்" என்று பறையைக் கீழே போட்டவர்களும் மானமுள்ளவர்களே. இஷ்டப்பட்டு அடித்தால் கலை; பிறப்பைக் காட்டி அடிக்கச் சொன்னால் அடிமைத்தனம். இந்த வித்தியாசத்தை மறந்து "ஆஹா" போடுவது ரசனையாகாது.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இதுவரை ஒதுக்கிய ஓர் இசையை மூன்று தரம் பொறுமையாகக் கேளுங்கள். நான் சொன்னேன் என்பதற்காகப் பிடித்ததாகச் சொல்ல வேண்டாம். பிடிக்காவிட்டால் தள்ளிவிடுங்கள், ஆனால் கேட்ட பிறகு தள்ளுங்கள். வாசித்தவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்ட அந்த நான்கு பெயர்களை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?