கிரகணமும் குழந்தைகளும்



பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குழந்தைகளோடு வந்திருக்கும் உங்களுக்கு, அவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வெளிச்சத்தைப் பற்றிய இரண்டு சோதனைகளைச் சொல்லப்போகிறோம். இதற்குப் புரோகிதர் வேண்டியதில்லை. நாள் நட்சத்திரம் வேண்டியதில்லை. வெயில் போதும். நம் பக்கத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

ஓர் அட்டையில் கடுகளவு சதுர ஓட்டை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த ஓட்டை வழியாக வரும் வெயிலை ஒரு மீட்டர் தள்ளி வைத்த வெள்ளைத்தாளில் விழச் செய்யுங்கள். ஓட்டையோ சதுரம், விழும் வெளிச்சமோ வட்டம்! அகலம் சுமார் 9 மில்லிமீட்டர். முக்கோண ஓட்டையானாலும் வட்டந்தான். ஏன்? வெளிச்சம் நேர்கோட்டில் செல்வதால், தாளில் விழுவது ஓட்டையின் உருவமல்ல, சூரியனின் உருவம். ஓட்டு வீட்டுத் தரையிலும் வேப்பமரத்தடியிலும் காசு காசாக விழுவதும் அதுவே. சுமார் 1000 ஆண்டுகட்கு முன்னமே, பாஸ்ராவில் பிறந்த இப்னு அல் ஹைதம் என்ற அறிஞர் இவ்விதமே கிரகணத்தை ஆராய்ந்தார்.

இரண்டாவது, மூன்றடி தூரத்தில் உருண்டை பல்பு ஒன்று எரியட்டும். ஒரு கண்ணை மூடி, கோலிக்குண்டைக் கண்ணருகே பிடித்தால் பல்பு முழுவதும் மறையும். கோலியை மெள்ளத் தள்ளிக்கொண்டு போனால், சுற்றிலும் ஒளி வளையம் தெரியும். கோலிதான் சந்திரன், பல்புதான் சூரியன். கிரகணம் என்பது இவ்வளவே. இதில் பாம்பு எங்கே வந்தது?

2019 டிசம்பர் 26 காலை திருச்சியில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. நம் ஊர்களிலும் பெரும்பகுதி மறைந்தது. அன்று அட்டையைப் பிடித்தவர்கள் தாளில் பிறைச் சூரியனைக் கண்டார்கள். அதே நாளில் கர்நாடகத்தில் கலபுரகி அருகே, ஊனம் தீருமென்று நம்பி, பெற்றவர்களே குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தார்கள். குழந்தைகள் அழுதன. அப்பெற்றோர் கொடியவர்களல்லர், பிள்ளைமீது ஆசை கொண்ட ஏழைகள். அந்த ஆசையையே மூடநம்பிக்கை குழிவெட்ட வைத்ததென்றால், அது எவ்வளவு கொடியது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் மட்டுமென்ன? கர்ப்பிணியை இருட்டறையில் அடைப்பதும், பசித்த குழந்தைக்குச் சோறு மறுப்பதும் அக்குழியின் தம்பிகளே. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் கெடும். அது எந்நாளுக்கும் பொருந்தும். கிரகணத்தில் தனி விஷம் ஏதுமில்லை.

2031 மே 21-ல் தென் தமிழ்நாட்டில் மீண்டும் வளையக் கிரகணம் தெரியவிருக்கிறது. அதற்குள் உங்கள் வீட்டுக் குழந்தை அட்டையையும் கோலியையும் கையாளக் கற்றிருக்கட்டும். நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாதீர்கள். நாளைக் காலை வெயிலிலேயே செய்து பாருங்கள்.