கவர்னர் கையெழுத்து வரமா?



ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நமது சட்டசபை 19-10-2022ல் நிறைவேற்றிற்று. முன்னர் போட்ட அவசரச் சட்டமோ நவம்பரில் காலாவதியாயிற்று. கவர்னர் ஆர். என். ரவி அவர்கள் 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பியனுப்பினார். 23-3-2023ல் சபை மறுபடியும் நிறைவேற்றவே, ஏப்ரலில் கையெழுத்தாயிற்று.

இடையில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு தொழிலாளி ரம்மியில் கூலியைத் தொலைத்திருந்தால், அதற்கு ஜவாப்தாரி யார்?

மறுபடி நிறைவேறி வந்த மசோதாவுக்குச் சம்மதம் மறுக்கலாகாது என்கிறது அரசியல் சட்டம் 200வது விதி. ஆனால் கெடு ஒன்றும் எழுதவில்லை. கோர்ட்டு கெடு விதிக்க முடியாது, ஆயினும் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் கூடாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிற்று.

ஆகவே, கெடுவைச் சட்டத்திலேயே எழுதும்படி கேளுங்கள். கும்பிட்டுக் காத்திருக்க, கையெழுத்து சாமி தரும் வரமல்ல. சம்பளம் வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை!