பேயா? துறவியா? மனுஷியா?

(ஆவடியில் கதை எழுதும் வாலிபர்களும் பெண்களும் கூட்டிய ஒரு கூட்டத்தில் பேசியது.)



பட்டணத்து வீதிகளிலே பேயும் யட்சியும் சூனியக்காரியும் நடமாடுவதாகக் கற்பித்து எழுதப்படும் மாயக் கதைகளில், தைரியமும் வலிவும் உடையவளாகவும், தன்னுடைய காதல் விஷயத்தில் தானே எஜமானியாகவும் இருக்கக்கூடிய ஒரு கதாநாயகியை எழுதுவது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். நான் ஏழாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை அறியாதவன். படித்ததெல்லாம் வாசகசாலையிலும், அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் போய்வரும் ரயில் வண்டியிலும் படித்ததுதான். ஆதலால் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

"பேயே இல்லை என்று மேடைக்கு மேடை சொல்லுகிறவனுக்குப் பேய்க்கதையில் என்ன வேலை?" என்று இங்கு வரும் வழியிலேயே ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கதையைக் கதை என்று சொல்லி எழுதினால் அதனால் யாருக்கும் கெடுதியில்லை. ஒருத்தி ஆகாயத்தில் பறந்தாள் என்று எழுதினால் அதைப் படித்து எவனும் மாடியிலிருந்து குதித்துவிட மாட்டான். ஆனால் அவள் பறந்ததற்குக் காரணம் அவளுடைய கற்பின் மகிமை என்று எழுதினீர்களானால், அங்கேதான் மூடநம்பிக்கை வந்து உட்கார்ந்துகொள்ளுகிறது. பறந்த சங்கதியைப் படித்தவன் மறந்துவிடுகிறான். கற்புச் சங்கதியை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பெண்டாட்டியிடம் காட்டுகிறான். ஆகவே மாயம் இருக்கிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. அந்த மாயத்தின் மூலமாக என்ன சட்டம் போடப்படுகிறது என்பதே கேள்வி.

திருவாலங்காட்டுச் சங்கதி

இதற்கு உதாரணம் தேடிச் சீமைக்குப் போகவேண்டியதில்லை. இந்த ஆவடி ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினால், திருவள்ளூர், மணவூர் தாண்டித் திருவாலங்காடு வருகிறது. அந்த ஒரு ஊரையும் பக்கத்திலுள்ள பழையனூரையும் சுற்றி மூன்று பெண்களின் கதைகள் இருக்கின்றன.

முதலாவது காளியின் கதை. நடராஜனும் காளியும் போட்டி போட்டு நடனமாடினார்களாம். அவன் ஆடிய ஆட்டமெல்லாம் அவளும் ஆடினாளாம். கடைசியில் அவன் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கினானாம். பெண்ணாகப் பட்டவள் அப்படிக் காலைத் தூக்குவது வெட்கம் என்று அவள் நின்றுவிட்டாளாம், ஆகவே தோற்றாளாம். தோழர்களே! அவள் ஆட்டத்தில் தோற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கால் தூக்கத் தெரியாமலும் நிற்கவில்லை. பெண் என்கிற காரணத்திற்காக அவள் தலையில் கட்டப்பட்ட வெட்கத்தினால் தோற்றாள். போட்டியின் விதியை யார் எழுதினான்? காலைத் தூக்கியவனுடைய ஆட்கள் எழுதினார்கள்.

இரண்டாவது காரைக்கால் அம்மையார். புருஷன் அவளிடம் பயந்து வேறு ஊருக்குப் போய் வேறு கலியாணமும் செய்துகொண்டான். அவனுக்கு ஒன்றும் கெட்டுப் போகவில்லை. அவளோ, இனி இந்த அழகான உடம்பு யாருக்காக என்று சதையை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பெரிய புராணம் சொல்லுகிறது. புருஷனுக்கு வேண்டாத உடம்பு அவளுக்கும் வேண்டாததாகிவிட்டது! அவள் பாடிய பாட்டின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாடுகிறவளுக்கு ஒரு உடம்பும் இருக்கக்கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பழையனூர் நீலி. இக்கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. சாராம்சம் இதுதான்: ஒரு பெண்ணை அவளுக்கு உரியவன் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். மறுபிறப்பில் அவன் ஒரு செட்டியாக வரும்போது, அவள் கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவன் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறான்" என்று பழையனூர்ச் சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அவளை நம்பி, "உன் உயிருக்குத் தீங்கு வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்" என்று செட்டிக்கு வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் முதல் கொலையைச் செய்தவன் யார்? செட்டிதான். ஆனால் ஊரில் நிலைத்தது எது? எழுபது பேருடைய வாக்குத் தவறாமை புகழாக நிலைத்தது. கொலையுண்ட பெண்ணுக்குக் கிடைத்தது "நீலிக் கண்ணீர்" என்கிற ஒரு வசைச்சொல்! ஒரு பெண் அழுதால் அது பொய்யழுகை என்பதற்குத் தமிழில் பெயரே அவள் பெயராகிவிட்டது. இக்கதையின் உள்ளே புதைந்திருக்கிற சட்டம் என்னவென்றால், ஒரே ஒரு தடவை பெரிய மனிதர்கள் ஒரு பெண்ணின் கண்ணீரை நம்பினார்கள், அதற்கு எழுபத்தோரு உயிர் விலையாயிற்று, ஆகையால் இனி எந்தப் பெண்ணையும் நம்பாதே என்பதாகும்.

நான் செய்த காரியம்

இதை நான் ஏதோ ஏட்டைப் படித்துவிட்டுச் சொல்லுவதாக எண்ணாதீர்கள். பல வருஷங்களுக்கு முன் என் தங்கை புருஷன் வீட்டில் அடிபட்டு, பூந்தமல்லியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். அப்போதே நான் மேடையில் பெண் விடுதலை பேசுகிறவன். அப்படிப்பட்ட நானே, "நீலிக் கண்ணீர் வடிக்காதே, வீட்டுக்குப் போ, பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆறு மாதம் கழித்துக் கை முறிந்து வந்தாள். அந்த வார்த்தை என் வாயில் எங்கிருந்து வந்தது? பழையனூரிலிருந்து வந்தது.

என் தங்கை சாகவில்லை, பேயாகவுமில்லை. கை கூடியதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கோர்ட்டில் விவாகரத்து வாங்கினாள். தனியாக வாடகை வீடு பிடித்தாள். பிறகு தனக்குப் பிடித்த ஒருவரை, எங்களில் யாரையும் கேளாமல், சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் கலியாணம் செய்துகொண்டாள். என்னிடம் செய்தி சொன்னாள், அனுமதி கேட்கவில்லை. தோழர்களே! நீங்கள் எழுதவேண்டிய கதாநாயகி அவள்தான். அவளுக்கு ஒரு ஜோடி இறக்கையையும் வைத்து எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் இறக்கை முளைப்பதற்காக அவளைச் சாகடிக்காதீர்கள்.

இரண்டே கதவு

நமது கதைகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். வலிவுள்ள பெண்ணுக்கு இரண்டே கதவுதான் திறந்திருக்கிறது. ஆசை உள்ளவள் பேயாகவேண்டும். அறிவு உள்ளவள் துறவியாகவேண்டும். தன்னை மலையிலிருந்து தள்ளிக் கொல்ல வந்த புருஷனைத் தானே தள்ளிவிட்ட குண்டலகேசியை என்ன செய்தார்கள்? பௌத்தத் துறவியாக்கினார்கள். மாதவி மகள் மணிமேகலையையும் துறவியாக்கினார்கள்.

இதே பழையனூர் நீலியைக்கூடச் சமணர்கள் எடுத்துக்கொண்டு "நீலகேசி" என்று ஒரு காவியம் செய்தார்கள். சக்கரவர்த்தி நயினார் அதை 1936-இல் அச்சிட்டு வெளியிட்டார். அதிலே பேயாயிருந்தவள் ஒரு முனிவனிடம் உபதேசம் பெற்று, பௌத்தன், ஆசீவகன், சாங்கியன், வேதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் வாதாடி ஜெயிக்கிறாள். நமது பாட்டனாகிய பூதவாதியையும் தோற்கடித்துவிட்டதாக எழுதியிருக்கிறது. அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் ஊர் ஊராகப் போய்ப் பண்டிதர்களோடு வாதாடுகிறாள் என்று எழுதியது பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு அவள் கொடுத்த விலை என்ன? பெண்ணாக இருந்து ஆசைப்படுகிற உரிமை முழுவதும் பறிபோயிற்று.

இந்த இரண்டு கதவிலும் நுழையாமல் அரசாள உட்கார்ந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் அல்லி. பெரிய எழுத்துப் புஸ்தகமாக விற்ற அல்லி அரசாணி மாலையில், மதுரையை ஆளும் அவள் ஆண் துணையே வேண்டாமென்கிறாள். அர்ச்சுனன் பாம்பு வடிவில் அவள் படுக்கைக்குப் போய், அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். இன்றைய சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் கதையில் அதற்குப் பெயர் கலியாணம்! ஒரு வீட்டில் பெண் சொல் எடுபட்டால் இன்றைக்கும் "அல்லி ராஜ்யம்" என்று கேலி செய்கிறோம். தூங்குகிறவளுக்குத் தாலி கட்டியவனைக் கேலி செய்ய நம் பாஷையில் ஒரு வார்த்தை இல்லை.

2018-இல் சுப்ரீம் கோர்ட்டு, மனைவி புருஷனுடைய சொத்து என்கிற எண்ணத்தில் பிறந்த 497-ஆவது பிரிவைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. சட்டம் போட்டவர்கள் விட்டாலும் கதை போடுகிறவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.

வேறு விதமாக எழுதியவர்கள்

வேறு விதமாக எழுதவே முடியாதா என்றால், முடியும். 1905-இல் வங்காளத்து முஸ்லிம் பெண்மணி பேகம் ரொக்கையா "சுல்தானாவின் கனவு" என்று ஒரு மாயக் கதை எழுதினார். அது முதலில் வெளிவந்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில், கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய "இந்தியன் லேடீஸ் மேகசின்" பத்திரிகையில்தான். அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள்; பெண்கள் வெளியே ஆளுகிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்துச் சமைக்கிறார்கள். எதிரிப் படையையும் அதைக் கொண்டே விரட்டுகிறார்கள். ஆகாயத்தில் வண்டி விடுகிறார்கள். அவர்களுடைய வல்லமைக்குக் காரணம் கற்பல்ல, கலாசாலைப் படிப்பு. மதுரையை எரிக்க ஒரு பத்தினியின் கோபம் வேண்டியிருந்தது; ரொக்கையாவின் பெண்களுக்குச் சூரிய வெப்பமும் படிப்பும் போதுமானதாயிருந்தது.

2025 ஆகஸ்டில் மலையாளத்தில் "லோகா" என்ற சினிமா வந்து தமிழிலும் ஓடியது. கள்ளியங்காட்டு நீலி என்கிற பழைய யட்சியை பெங்களூர் நகரத்தில் குடியிருக்கும் ஒரு வாலிபப் பெண்ணாக்கி, அவளையே ரட்சிக்கிறவளாகவும் ஆக்கியிருக்கிறார்கள். ஜனங்களும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். பெண்ணை முன்னே வைத்தால் பணம் வராது என்று சொல்லிவந்த வியாபாரிகளுக்கு அது நல்ல பதில். ஆனாலும் அவளுக்கு முஷ்டி தாராளமாகவும் காதல் மிகச் சிக்கனமாகவும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த மிச்சக் காரியம் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு

ஆகவே சில வார்த்தைகள் சொல்லுகிறேன். உங்கள் கதாநாயகியின் வல்லமைக்கு மூலகாரணமாகக் கற்பையும் வைக்காதீர்கள், கற்பழிப்பையும் வைக்காதீர்கள். ஒரு ஆண்பிள்ளை வீரனாவதற்கு முன் அவனை யாரும் கெடுக்கவேண்டியதில்லை. பெண்ணுக்கு மாத்திரம் ஏன் அந்த நுழைவுச் சீட்டு?

அவள் "சரி" என்றும் சொல்லட்டும், "வேண்டாம்" என்றும் சொல்லட்டும். நேற்றுச் சரி என்றவள் இன்று வேண்டாம் என்றும் சொல்லட்டும். எதைச் சொன்னாலும் கடைசி அத்தியாயத்தில் அவளை லாரியில் அடிபடச் செய்யாதீர்கள். எழுதுகிறவன் பேனாவைப் பிடித்த பஞ்சாயத்துக்காரனாகிவிடக்கூடாது.

ஆண்கள் பார்த்து மகிழ்வதற்காக அவள் உடையைக் குறைத்துவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பதும் பழைய வியாபாரம்தான். அவள் ஆசை அவளுக்காக இருக்கவேண்டும். புடவை கட்டிய ஆண்பிள்ளையாகவும் அவளை ஆக்கிவிடாதீர்கள். அவளுக்குப் பயமும் இருக்கலாம், தவறும் செய்யலாம். தவறு செய்துவிட்டுப் பிழைத்திருக்கிற உரிமைதான் ஆணுக்கு இதுவரை இருந்து பெண்ணுக்கு இல்லாத உரிமை.

உங்களுக்கு மாயம் வேண்டுமானால் இதோ சொல்லுகிறேன். இரவு ஷிப்டு முடிந்து இரண்டு மணிக்கு ஒரு பெண் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறாள். வழியில் ஒருவனும் "எங்கே போகிறாய், எவனிடமிருந்து வருகிறாய்" என்று கேட்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியும் கேட்கவில்லை. அண்ணன்காரனும் கேட்கவில்லை. யட்சி பறப்பதைவிட இது பெரிய அற்புதமல்லவா? இந்த அற்புதத்தை இன்றைக்குக் கதையில் எழுதுங்கள். படித்துப் படித்துப் பழகிவிட்டால், நாளைக்கு அது அற்புதமாயில்லாமல் சாதாரண சங்கதியாகிவிடும். அப்படி ஆவதுதான் நம்முடைய உத்தேசம்.

கடைசியாக ஒன்று. என் தங்கையிடம் நான் பிற்பாடு மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. "அண்ணா, அந்த நீலி யார்? அவள் எதற்காக அழுதாள்?" என்று கேட்டாள். நான் கதையைச் சொன்னேன். "அப்படியானால் அவள் அழுதது நிஜம்தானே?" என்றாள். பள்ளிக்கூடத்துப் பண்டிதர்களும் மேடைப் பிரசங்கிகளும் இத்தனை காலமாகக் கேளாத கேள்வியை ஒரு தையல் தொழிலாளி கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து உங்கள் கதைகளை ஆரம்பியுங்கள்.