அடைத்த கதவும் திறந்த கதவும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வட ஆர்க்காட்டையும் சேலத்தையும் தருமபுரியையும் விட்டு இப்பெங்களூரில் வேரூன்றியவர்கள். இத்தகைய அவையில், ஓரிடம் புகுந்தால் உயிர் பிரியுமளவும் அவ்விடம்விட்டு அகல்வதில்லை என்று உறுதி பூண்ட மாந்தரைப் பற்றிப் பேசத் துணிந்தேன். கத்தோலிக்கத் திருச்சபையின் தியானத் துறவியரே அவர்கள்.

துறவு தமிழர்க்குப் புதிதன்று. கடவுள் வாழ்த்துக்கும் வான்சிறப்புக்கும் அடுத்தபடியாக நீத்தார் பெருமையை வைத்தார் வள்ளுவர். அரச மரபிற் பிறந்த இளங்கோ, குணவாயிற் கோட்டத்துத் துறவியாகி அடிகளானார். ஆதலின் இம்மடங்களின் வாழ்க்கையை அயலார் வழக்கமென்று நாம் ஒதுக்க வேண்டுவதில்லை.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்தவர் புனித ஆசீர்வாதப்பர். குகையில் தனித்திருந்து தவம் புரிந்த அவர், பின்னர் மோந்தே கசினோ என்னும் குன்றில் மடம் அமைத்து, 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூலொன்றை இயற்றினார். பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடி இறைவனைப் பாட வேண்டும். 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துள் பாடி முடிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. எஞ்சிய நேரம் கைத்தொழிலுக்கும் படிப்புக்கும் உரியது. சமையல் வேலை முறைவைத்து வரும். உண்ணும்போது ஒருவர் நூல் படிக்க, ஏனையோர் பேசாது கேட்பர். இரவு இறுதி மன்றாட்டு முடிந்தபின் மௌனம். மண்வெட்டியையும் குடத்தையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலவே பேண வேண்டும் என்றும் அவர் விதித்தார். தோட்டவேலையும் வழிபாடும் அங்கே வேறு வேறல்ல.

இந்நெறி நம் காவிரிக் கரைக்கும் வந்தது. குளித்தலையில் பங்குக் குருவாயிருந்த பிரெஞ்சு நாட்டு மோன்ஷானின் அடிகளும், 1948-ல் வந்த லெ சோ அடிகளும் 1950-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் அங்கே சாந்திவனத்தை நிறுவினர். காவி உடுத்தனர், புலால் மறுத்தனர். பரம அரூபி ஆனந்தர் என்றும் அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டனர். ஆயினும் அவர்களோடு நிலைத்துத் தங்க இந்நாட்டு இளைஞர் வரவில்லை. மோன்ஷானின் அடிகள் 1957-ல் மறைந்தபோது மடம் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. 1968-ல் பீட் கிரிபித்ஸ் அடிகள் வந்து பொறுப்பேற்ற பின்னரே அங்கே துறவியர் குழு வேர்கொண்டது.

அந்தக் கிரிபித்ஸ் அடிகள் இங்கிலாந்திலிருந்து 1955-ல் இந்தியா வந்து முதலில் தங்கியது நம் பெங்களூரை அடுத்த கெங்கேரியில்தான். அப்பக்கத்தில், மைசூர்ச் சாலையில், இன்று ஆசீர்வனம் என்னும் மடம் இருக்கிறது. அதன் முன்வரலாறு சேலத்துப் பக்கத்துச் சிலுவைகிரியில் தொடங்குகிறது. நம்மில் பலரைப் போலவே சேலத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த மடம் அது!

அன்பர்களே! வரலாறு கூறுவது எளிது. வீட்டுப் பிள்ளை ஒருத்தி அக்கதவைத் தட்டும்போது பெற்றோர் மனம் படும் பாட்டைக் கூறுவது எளிதன்று.

என் நண்பர் ஒருவர், ஆலைத் தொழிலாளியாயிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். ஒரே மகள், பட்டம் பெற்றவள். அவள் கார்மேல் சபையின் அடைப்பு மடமொன்றில் சேரப் போவதாகக் கூறினாள். 1562-ல் ஆவிலா நகரத்துப் புனித தெரேசா சீர்திருத்தித் தொடங்கிய மரபு அது. காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் சொல்லற்ற மனச் செபம். ஏனைய நேரம் கூட்டு வழிபாடும் கைவேலையும். வெளியே செல்லுதல் அரிது.

நண்பர் கொதித்தார். "மருத்துவமனையில் நோயாளிக்குத் தொண்டு செய்யும் கன்னியராகப் போனாலும் பொறுப்பேன். சுவருக்குள் அடைபட்டு யாருக்கு என்ன பயன்? அண்ணே, நீங்கள்தான் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்று என்னையும் உடனழைத்துச் சென்றார்.

மடத்துத் தலைவி முதியவர். நண்பரின் வினாவைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உங்கள் மனைவி நோயுற்றுக் கிடந்தபோது இரவில் யார் அருகிலிருந்தீர்கள்?" என்று வினவினார்.

"நான்தான் இருந்தேன்."

"மருந்து கொடுத்தவர்?"

"மருத்துவர்."

"அப்படியாயின், நீங்கள் ஏன் விழித்திருந்தீர்கள்?"

நண்பர் விடை கூறவில்லை. தலைவியும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. "இவள் வந்தவுடன் கதவை அடைத்துவிட மாட்டோம். திரும்பிச் செல்ல விரும்பினால் தடையில்லை, பழியுமில்லை" என்று மட்டும் கூறினார்.

அது வெறும் ஆறுதல் மொழியன்று. நாடி வருவோரை உடனே சேர்த்துக்கொள்ளலாகாது. நான்கைந்து நாள் வாயிலில் காக்க வைத்து, ஓராண்டுக் காலத்தில் ஒழுங்கு நூலை மும்முறை படித்துக் காட்டி, இயலாதாயின் உரிமையோடு போகலாம் என்று கூற வேண்டும் என்பது ஆசீர்வாதப்பர் விதி. 2018-ல் உரோமாபுரி வெளியிட்ட விதிகளின்படி, தியான மடத்துக் கன்னியர் இறுதி வார்த்தைப்பாடு கொடுக்குமுன் ஒன்பது ஆண்டுகளேனும் பயிற்சி பெற வேண்டும். திருமணத்துக்குக்கூட நாம் இத்துணைக் காலம் எண்ணிப் பார்ப்பதில்லை!

புறப்படும்போது அப்பெண் என்னிடம், "பெரியப்பா, அப்பா மாத்திரையை மறந்துவிடுவார். நீங்கள் நினைவூட்டுவீர்களா?" என்றாள். புத்தி சொல்லச் சென்ற நான் தலையசைத்துத் திரும்பினேன்.

இது நடந்து நான்கு ஆண்டுகள் கடந்தன. நண்பர் மனம் முழுதும் ஆறிவிட்டது என்று நான் கூறினால் பொய்யாகும். "நான் கொடுக்கவில்லை, அவளே போனாள்" என்று இன்றும் சொல்கிறார். ஆயினும் அனுமதி உள்ள நாள்களில் தவறாது ரயிலேறிச் சென்று, அரை மணி நேரம் அவளோடு பேசித் திரும்புகிறார். மாத்திரையை நினைவூட்டும் பொறுப்பு எனக்கு.

இத்தகைய வாழ்வை எல்லோரும் மேற்கொள்ள வேண்டுமென்று நான் கூறவில்லை. துறந்தவர்களை மட்டும் புகழ்ந்துவிட்டு, அவர்கள் பின்னே வீட்டில் தனித்திருக்கும் தந்தையரையும் தாயரையும் மறப்பது முறையன்று. சுவருக்குள்ளே ஒருத்தி செய்யும் தவத்தில், வெளியே நிற்கும் ஒரு முதியவரின் பங்கும் இருக்கிறது. அத்தகையோர் நம் தெருவிலும் இருக்கலாம். மாலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "காபி ஆயிற்றா, ஐயா?" என்று கேட்கும் கடமை நம்முடையது. உறவினரை ஊரில் விட்டு வந்த நமக்குத் தனிமையின் பாரம் தெரியாததன்று.