சொல்வதற்கு முன் கேட்பது

(குருபரப்பள்ளியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மக்கள் தொடர்பு என்றதும் நம்மில் பலருக்கு ஆட்சியர் அலுவலகத்துச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர்தான் நினைவுக்கு வருவார். விழா, புகைப்படம், செய்திக்குறிப்பு. அது கல்லூரியில் படிக்கக்கூடிய ஒரு துறை, அதற்கென மாநாடுகள் நடக்கின்றன, அங்கே மாணவர்களும் போய் உட்காரலாம் என்பதெல்லாம் நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சுற்றிலும் சிப்காட். கம்பெனி என்றால் அவர்களுக்கு ஷிப்ட், கேன்டீன், ஒப்பந்த வேலை; அவ்வளவுதான். கம்பெனி ஊரோடு பேசுவதற்கென்று ஒருவர் சம்பளம் வாங்குகிறார் என்று சொன்னால் வியப்பாகப் பார்ப்பார்கள்.

கல்லூரி நாட்களில் பெங்களூருவில் அப்படியொரு மாநாட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுத்தில் அட்டை, கையில் பை, மேடையில் ஒருவரையொருவர் பாராட்டும் பேச்சு, வேகமான ஆங்கிலம். மதிய உணவு நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு தொழிற்சாலை அதிகாரி பேசினார். ஆலை வரவிருந்த கிராமத்தில் முதல் மூன்று மாதம் ஓர் அறிக்கைகூட வெளியிடவில்லையாம். கிணறு என்னவாகும், ஆடு மாடு எங்கே மேயும், கோயிலுக்குப் போகும் வழி அடைபடுமா, யாருக்கு வேலை என்று மக்கள் கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாராம். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, “சார், அந்த நோட்டை நிர்வாகம் படித்ததா?” என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “சில பக்கங்களை மட்டும் படித்தார்கள்” என்றார்.

இந்தத் துறையின் கதையே அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஐவி லீ என்பவரை இத்துறையின் முன்னோடிகளில் ஒருவராகச் சொல்வார்கள். 1906-இல் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதே அன்றைய வழக்கம். லீயோ பத்திரிகையாளர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்து விவரங்களைக் கொடுத்தார். அதே லீ, 1914-இல் கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிக்கப்பட்டுக் குழந்தைகள் மடிந்த பிறகு, ராக்ஃபெல்லருக்காகத் தவறான தகவல்கள் கலந்த வெளியீடுகளைப் பரப்பினார். ஆள் ஒருவரே, திறமையும் ஒன்றே. மாணவர்களுக்கு இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் அதுவும் விளம்பரம்தான்.

நம் நாட்டில் முதல் அகில இந்திய மக்கள் தொடர்பு மாநாடு 1968 ஏப்ரல் 21 அன்று புது தில்லியில் நடந்தது. தொழில் நெறிமுறை ஒன்றை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளே தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1984-இல் கிரூனிக், ஹன்ட் என்ற இருவர் மக்கள் தொடர்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள். தம்பட்டம் அடிப்பது முதல் வகை. தகவலை ஒருபக்கமாகச் சொல்வது இரண்டாவது. மக்கள் மனத்தை அறிந்துகொண்டு அவர்களை நம் பக்கம் திருப்புவது மூன்றாவது. கேட்டு, தேவைப்பட்டால் நாமும் மாறுவது நான்காவது.

நம் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையை இந்த நான்கில் எதில் சேர்ப்பீர்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாலைச் சிறப்பு வகுப்புக்கு வரவே இல்லை. கட்டாயம் வர வேண்டும் என்று மூன்று முறை வீட்டுக்குத் தகவல் போனது. பிறகு படிப்பையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. ஓர் ஆசிரியை நேரில் போனார். அந்த அம்மாவுக்குத் தெலுங்குதான் சரளம், ஆசிரியைக்கும் தெரியும். “ஆறு மணிக்கு மேல எங்க ஊருக்கு பஸ் இல்லம்மா. ஹைவே ஓரமா இருட்டுல எப்படி நடந்து வருவா?” இவ்வளவுதான் விஷயம். சிறப்பு வகுப்பு காலைக்கு மாறியது. அந்தப் பெண் தேர்வு எழுதினாள்.

கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதி இடம் பெண்களுக்கும் என்று சொல்கிறது. ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இப்போது இந்தியும் பேசும் பெற்றோரை ஒரே மொழியில், வேலை நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? முதல் ஷிப்டில் இருப்பவர் ஆலையில். இரண்டாம் ஷிப்ட்காரர் பஸ்ஸில். மாம்பழக் காலமென்றால் மீதிப் பேர் தோப்பில்.

கல்லூரிக்குப் போன நம் பழைய மாணவர்கள் இத்தகைய மாநாட்டுக்குப் போகக் கேட்டால் ஊக்கப்படுத்துங்கள். ஆங்கிலம் புரியாதோ என்று தயங்குவார்கள். ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போகச் சொன்னால் போதும், பின்வரிசையிலிருந்தும் கேட்கலாம். பள்ளியில் நாமும் ஒரு நோட்டுப் போடுவோம். இடப்பக்கம் பெற்றோர் கேட்டது, வலப்பக்கம் அதற்கு நாம் என்ன செய்தோம் என்பது. அடுத்த கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் முன், நம் பெற்றோரில் யார் யாருக்கு எந்த ஷிப்ட் என்று பிள்ளைகளிடமே கேட்டு, அதை முதல் பக்கத்தில் எழுதிவிடலாம்.