வால்வு இடைவெளியும் வினைச்சொற்களும்

சொல்லாக்கம் என்றதும் நாம் பெயர்ச்சொற்களையே தேடுகிறோம். ஒரு தொழிலைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இடர்ப்பாடு வேறிடத்தில் இருப்பது புலனாகும். மலேசியாவில் கப்சாய் எனப்படும் ஹோண்டா கப் வகை மோட்டார் சைக்கிளின் வால்வுகளை வீட்டிலேயே சரிசெய்யும் பணியை எடுத்துக்கொள்வோம். வால்வு என்ற சொல் நம்மைத் தடுக்காது. இதயத்திற்கே ஈரிதழ் வால்வு என்று பாடநூல்கள் எழுதிவிட்டன.

வால்வின் தண்டு சூட்டில் நீள்கிறது. அதற்கு இடமளிக்கவே தண்டின் முனைக்கும் அதனை அழுத்தும் ராக்கரின் திருகுக்கும் நடுவே சிறு இடைவெளி விடப்படுகிறது. பழைய கப் வகைகள் பலவற்றில் அது 0.05 மில்லிமீட்டர், எழுதுதாளின் தடிப்பில் ஏறத்தாழப் பாதி. இடைவெளி மிகுந்தால் தட்டும் ஓசை எழும். குறைந்தால் ஓசை இராது. ஆனால் சூடேறிய வால்வு முழுமையாக மூடாது. மூடி அமர்ந்திருக்கும்போதுதான் அது தன் வெப்பத்தை இருக்கைக்குக் கடத்துகிறது. அமராத வால்வு, குறிப்பாகப் புகை வெளியேறும் பக்கத்தது, கருகிப்போகும். ஓசையிடும் இயந்திரத்தைக் காட்டிலும் ஓசையடங்கிப்போன இயந்திரத்தையே நாம் ஐயுற வேண்டும்.

இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். நம் தட்பவெப்பத்திற்கு, இரவெல்லாம் நின்ற வண்டியை விடியலில் திறப்பதே நன்று. வால்வு மூடிகளையும் இடப்புற மூடிகளையும் கழற்றி, கிராங்கை இடஞ்சுழியாகத் திருப்பி, ‘டி’ குறியைப் பெட்டியின் குறியோடு பொருத்துகிறோம். இரு ராக்கர்களும் சற்றே ஆட வேண்டும். ஆடாவிடில் இன்னும் ஒரு முழுச்சுற்று.

இனித்தான் மொழிக்கு வேலை. பூட்டு நட்டைத் ‘தளர்த்துக’ என்பதற்கு மாணவர் ‘கழற்றுக’ என எழுதினால், படிப்பவர் கையில் நட்டு தனியே வந்துவிடும். ‘இறுக்குக’ என்று மட்டும் எழுதினால் எதை? திருகை இறுக்கினால் இடைவெளியே மறையும். திருகு நகராமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் நட்டை முடுக்குக என்று எழுதினால்தான் பணி நடக்கும்.

0.05 தகட்டைச் செருகும்போது விரல் உணர்வதையும் சொல்ல வேண்டும். தகடு வழுக்கினால் இடைவெளி அதிகம், கவ்வப்பட்டால் குறைவு, மெல்ல உரசி வந்தால் சரி. வழுக்குதல், உரசுதல், கவ்வுதல்: மூன்றும் நம் வீட்டுச் சொற்கள், எந்தக் குழுவும் கூடி ஆக்கியவை அல்ல. வகுப்பில் ஒரு தகட்டை இரு புத்தகங்களுக்கிடையே வைத்து இழுக்கச் செய்து, உணர்ந்ததை எழுதச் சொல்லலாம். தன்வரலாற்றுக் கட்டுரையைவிட அது கடினமான பயிற்சி என்பது நம் எண்ணம்.

நட்டை முடுக்கும்போது திருகு சிறிது நகர்ந்திருக்கக்கூடும். ஆகவே தகட்டை மீண்டும் செருகிப் பார்த்து, உரசினால் மட்டுமே மூடிகளைப் பூட்ட வேண்டும்.