கழுநீர்ப் பானையும் கீரைத் தொட்டியும்



பெங்களூர் நகரின் நீலசந்திரா என்னும் பெயரைக் கேட்டதும், வானத்துச் சந்திரனை நினைத்துக்கொள்பவர் நம்மில் பலர். ஆனால் கன்னட நாட்டில் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் ‘சந்திரா’ என்பது ‘சமுத்திரம்’ என்ற சொல்லின் திரிபு என்பர். நம் அம்பாசமுத்திரத்தைப் போலவே, ஏரியை அண்டிப் பிறந்த ஊர்களுக்கு அமைந்த பெயர் அது. நீலசந்திராவுக்குள்ளேயே ‘ரோஸ் கார்டன்’ என்று ஒரு பகுதி உண்டு. இன்று அங்கே சுவரோடு சுவராக வீடுகள் நெருங்கி நிற்கின்றன. பெயரில் ஏரியும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது. கையகல மண்தான் இல்லை.

வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரி எனப் பல ஊர்களிலிருந்து பிழைப்பை நாடி வந்து இங்கே குடியேறிய நம் வீடுகளில் உணவு வீணாவதைக் குறைப்பது எங்ஙனம், இருக்கும் சிறு இடத்தில் உணவு விளைப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கிராமத்தில் நம் பாட்டிமார் வாழ்ந்த வீட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அடுப்படி ஓரத்தில் ஒரு கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த நீரும், வடித்த கஞ்சியும், காய்கறித் தோலும் அதிற் சேர்ந்தன. மாலையில் அது மாட்டின் தொட்டிக்குப் போயிற்று. சிந்திய பருக்கையைக் கோழி கொத்தியது. எஞ்சியது எருக்குழிக்குச் சென்று, மறு ஆண்டு வயலுக்குத் திரும்பியது. அந்த வீட்டில் ‘குப்பை’ என்ற சொல்லுக்கே உரம் என்றுதான் பொருள்.

நகரத்துக்கு வந்தபோது நாம் அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்தோம். மாட்டையும் கோழியையும் எருக்குழியையும் கொண்டுவர இயலவில்லை. ஆகவே எஞ்சியதை ஒரு பையிற் கட்டித் தெருமுனையில் வைக்கிறோம். வண்டி வந்து எடுத்துச் சென்றதும் நம் கடமை முடிந்தது என்று கருதுகிறோம். அந்தப் பை எங்கே போயிற்று?

பல ஆண்டுகள் அது நகரத்துக்கு வெளியே உள்ள மாவள்ளிபுரத்துக்கும் மண்டூருக்கும் போயிற்று. குப்பை மலையாகக் குவிந்தது. நாற்றம் ஊரைச் சூழ்ந்தது. நிலத்தடி நீர் கெட்டது என்று அவ்வூர் மக்கள் முறையிட்டனர். 2012ஆம் ஆண்டு மாவள்ளிபுரத்தில் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டபோது, பெங்களூர்த் தெருக்களிலேயே குப்பை தேங்கியது. 2014இல் மண்டூர் மக்கள் திரண்டு போராடியதன் பின்னர், அவ்வாண்டு டிசம்பர் முதல் அங்கும் கொட்டுவது நின்றது. அந்த மலைகளில் கணிசமான பகுதி அடுப்படிக் கழிவே. காற்றுப் புகாத குவியலில் உணவு அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு பிறக்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைத்துப் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவினும் பன்மடங்கு வலியது. நாம் வேண்டாமென்று தள்ளிய சோறு முன்பின் அறியாத ஒரு கிராமத்தின் வாசலில் போய் விழுந்தது என்பதை மறத்தலாகாது.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், வீடுதோறும் இரண்டு கூடைகளும் ஒரு பையும் வைத்துக் குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மக்கும் கழிவுக்குப் பச்சைக் கூடை. கழித்தே ஆகவேண்டியவற்றுக்குச் சிவப்புக் கூடை. காகிதம், பிளாஸ்டிக் முதலிய உலர்ந்தவற்றுக்குப் பை. பிரித்து வைப்பது நமக்கு இரண்டு நிமிட வேலை. பிரிக்காவிடில், அந்த வேலையைத் துப்புரவுத் தொழிலாளர் தம் கையினால் செய்யவேண்டி வருகிறது.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகெங்கும் வீணான உணவு 105 கோடி டன். அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. தோல், எலும்பு போன்ற உண்ண இயலாதவையும் இக்கணக்கில் அடங்கும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ ஆகிறது. ஒண்டுக் குடித்தனத்தில் அளந்து சமைக்கும் இல்லத்தரசி, “எங்கள் வீட்டில் அவ்வளவு ஏது?” என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் ஒரு வாரம் மட்டும், கொட்டுவதை எல்லாம் ஒரு பாத்திரத்தில் இட்டுப் பாருங்கள். வாடிய கொத்துமல்லிக் கட்டும், புளித்துப்போன மாவும், விருந்தினருக்கென்று மிகுதியாக வடித்த சோறும் உண்மையைத் தாமே சொல்லிவிடும்.

சிக்கனம் நமக்குப் புதிதன்று. மிகுந்த சோற்றில் நீரூற்றிக் காலையில் நீராகாரமாக உண்டவர் நம் முன்னோர். கன்னடத்து அண்டை வீட்டார் அதைச் சித்ரான்னம் ஆக்குகிறார்கள், நாமும் கற்றுக்கொண்டோம். பூசணித் தோலும் பீர்க்கந்தோலும் துவையலாகும். கீரைத் தண்டு கூட்டாகும். மலிவான நாளில் வாங்கிய மிளகாயும் சுண்டைக்காயும் வற்றலாகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு வாரக் காயை ஒரே நாளில் வாங்குவதைவிட, இரண்டு நாளைக்கு வேண்டிய அளவு வாங்குவதே முடிவில் இலாபம்.

இத்தனைக்குப் பின்னும் தோலும் காம்பும் எஞ்சும். அவற்றுக்கு ஒரு பானை போதும். பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட மண்பானையின் அடியில் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ பரப்புங்கள். அன்றாடக் காய்கறிக் கழிவை நறுக்கி இட்டு, அதன்மேல் அதைவிடச் சற்று மிகுதியாகச் சருகைத் தூவுங்கள். ஒரு கை சாணமோ பழைய உரமோ சேர்ந்தால் மக்குவது விரைவாகும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அறிந்து, இன்னும் சருகிட்டுக் கிளறுங்கள். இறைச்சியும் எண்ணெயும் எலியை அழைக்கும், அவை வேண்டா. பானை நிறைந்ததும் ஒதுக்கி வைத்து மற்றொன்றைத் தொடங்கினால், இரண்டு மூன்று மாதங்களில் மண்மணம் கமழும் உரம் கிடைக்கும். பெங்களூரிலேயே 2006இல் தொடங்கிய ‘டெய்லி டம்ப்’ என்னும் நிறுவனம், இதற்கென அடுக்குப் பானைகளை உருவாக்கிப் பரப்பியது. விலைகொடுத்து வாங்க இயலாதவர் பழைய வாளியிலும் செய்யலாம்.

உரம் கிடைத்துவிட்டால் தோட்டம் தானே தொடங்கும். மண், உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சமபங்கு கலந்து, அரையடி ஆழமுள்ள தொட்டியில் இடுங்கள். அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயமே முதல் விதை. மூன்று நான்கு வாரங்களில் வெந்தயக் கீரை பறிக்கலாம். சிறுகீரையும் முளைக்கீரையும் ஒரு மாதத்திற்குள் வந்துவிடும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டை ஊன்றினாலே வேர்விடும். பாய்ச்சும் நீரைப் பற்றிக் கவலை வேண்டா. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரம் தண்ணீருக்குப் பட்ட பாட்டை நாம் அறிவோம். சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிவரும் காவிரி நீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராதுதான். அரிசியும் பருப்பும் கழுவிய நீரே கீரைக்குப் போதும். கழுநீர்ப் பானை மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டது!

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மாடி பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. அவர் இசைவு பெற்று, சுமை குறைந்த தொட்டிகளையே வைக்க வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் டெங்குக் கொசு பெருகும். மாடி கிட்டாதவர்க்கு வெயில் படும் சன்னல் ஓரம் போதும்.

இந்தக் கலை இந்நகரில் தமிழருக்குப் புதியதன்று. பெங்களூரின் ஏரிக்கரைகளில் தலைமுறை தலைமுறையாகக் காயும் பூவும் விளைத்து ஊருக்கு ஊட்டிய திகளர் சமூகத்தாரில் பலர் தமிழ் வழியினர். சித்திரைப் பௌர்ணமியில் கரகம் எடுப்பவர்களும் அவர்களே. அவர்கள் பயிரிட்ட சம்பங்கி ஏரிப் பகுதியில் இன்று கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கிறது. ஏரி போயிற்று, கைப்பழக்கமும் போகவேண்டும் என்பதில்லை. 1965இல் நாடு உணவின்றித் தவித்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுக்குமாறு மக்களை வேண்டினார். இன்று நம்மை எவரும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. கொட்டாமல் உண்ணவே சொல்கிறார்கள்.

ஒரு தொட்டிக் கீரையால் குடும்பத்தின் பசி தீர்ந்துவிடாது. அரிசிக்குக் கடைக்குத்தான் போகவேண்டும். ஆயினும், தான் விதைத்த கீரைக்கு முப்பது நாள் நீரூற்றிய குழந்தை, தட்டில் அதை ஒதுக்கித் தள்ளாது. உணவின் அருமையை அதற்கு நாம் வேறு எவ்வாறு கற்பிக்க முடியும்?

இன்றிரவு அடுப்படியில் ஒரு பானையை எடுத்து வையுங்கள்; நாளைக் காலை ஒரு பிடி வெந்தயத்தை ஊறவையுங்கள்.